கிறிஸ்துமஸுக்குப் புத்தகப் பரிசு: வாசகர் கேள்விகள், பதில்கள்

டிசம்பர் நெருங்குவதால் புத்தகப் பரிசு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மற்றவற்றுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

என் மாமியார் கத்தோலிக்கர். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்தில் பிறந்தவள். என் அம்மா வீட்டில் எல்லாரும் விரும்பிப் படிக்கும் தியான நூலையே அவருக்கும் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

கொடுக்கலாம். ஆனால் படிப்பாரா என்பதுதான் சந்தேகம். பூசையில் இத்தனை வருடமாக அவர் காதில் விழுந்தது ஆண்டவர், தூய ஆவி, மீட்பு. உங்கள் வீட்டு நூலில் பக்கத்துக்குப் பக்கம் கர்த்தர், பரிசுத்த ஆவியானவர், இரட்சிப்பு என்றிருக்கும். நாலு பக்கம் புரட்டியதும் "இது நம்ம கோயில் புத்தகம் இல்லையே" என்று அலமாரியில் வைத்துவிடுவார். மருமகளிடம் அதைச் சொல்லவும் மாட்டார்.

வேதாகமமே கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் வீட்டுப் பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73. தோபித்து, யூதித்து, சீராக்கின் ஞானம், மக்கபேயர் போன்றவை உங்கள் பதிப்பில் இராது. சீராக்கிலிருந்து வாசகம் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். கத்தோலிக்கப் பதிப்புதானா என்பதைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பொருளடக்கத்தில் தோபித்து இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிற பக்தி நூல்களில், பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தில் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) தந்த அச்சு அனுமதி வரி இருந்தால் அவர் தயக்கமில்லாமல் எடுத்துப் படிப்பார்.

தூத்துக்குடிக்கு இன்னொரு வழியும் உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர், 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அந்நியமாகப் படாது. சவேரியார் திருநாள் டிசம்பர் 3. அன்றைக்கே கொடுத்துவிட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் படித்தும் முடித்திருப்பார்.

அப்பாவுக்கு 74 வயது. தினமும் ஒரு பக்கம் படிக்கிற மாதிரி தியான நூல் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மார்த்தாண்டம்

முதலில் எழுத்தின் அளவு. ஆசிரியர் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 10 பாயிண்டில் அச்சான தமிழை அந்த வயதில் படிப்பது சிரமம். ண, ன, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் மையில் அடைபட்டு ஒன்றுபோலத் தெரியும். 14 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்; வரிகளுக்கு இடையேயும் நல்ல இடைவெளி வேண்டும். அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போக முடியாவிட்டால், அவர் சிரமமில்லாமல் படிக்கிற புத்தகம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது தாள். ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்க எழுத்து வரிகளுக்கு நடுவே தெரிந்தால் வேண்டாம். பளபளப்பான தாளும் வேண்டாம். டியூப்லைட்டுக்குக் கீழே கண் கூசும். பைண்டிங்கை அறிய, நடுப்பகுதியை விரித்து மடிப்பின் அடியில் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். தியான நூல் வருடத்தில் 365 நாளும் திறக்கப்படுவது. வெறும் பசையில் ஒட்டியிருந்தால் ஜூன், ஜூலையில் தாள்கள் கையோடு வரும்.

பெரிய எழுத்து என்றதும் பெரிய எழுத்து முழு வேதாகமத்துக்குப் போய்விடாதீர்கள். அதன் கனத்தை மடியில் வைத்துப் படிக்கலாம், கையில் பிடித்து முடியாது. வேதாகமத்திலுள்ள சங்கீதமும் (ஜெபப் பாடல்கள்) நீதிமொழிகளும் மட்டும் பெரிய எழுத்தில் தனி நூலாக இருந்தால் அது உத்தமம்.

தேதி போட்ட தியான நூல் ஜனவரி 1இல் தொடங்கும், ஆகவே கிறிஸ்துமஸ் பரிசாகச் சரியாகப் பொருந்தும். ஆனால் அட்வெந்து காலத் தியான நூலை டிசம்பர் 25 அன்று கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில், தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளோடு முடிந்துவிடும். தாமதமாகத் தரும் நூல் பதினொரு மாதம் தூங்கும். அந்த வகைதான் வேண்டும் என்றால் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே கையில் சேர்த்துவிடுங்கள்.

தோழியின் கணவர் அக்டோபரில் இறந்துவிட்டார். அவளுக்கு ஆறுதலாக ஒரு புத்தகம் கொடுக்கலாமா, அல்லது இந்த வருடம் எதுவும் வேண்டாமா?
– வாசகி, திருச்சி

கொடுக்கலாம். ஆனால் பண்டிகைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். இறப்பு நடந்த வருடத்தில் பல வீடுகளில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அந்த வீட்டுக்குச் சாண்டா படம் போட்ட ஜிகினாத் தாளில் சுற்றி எடுத்துப்போவது நன்றாயிராது. டிசம்பர் முதல் பாதியில் ஒருநாள் நேரில் போய், சுற்றாமல் கொடுங்கள்.

எதைத் தவிர்ப்பது என்பதுதான் முக்கியம். விசுவாசித்தால் வியாதி நீங்கும் என்கிற சாட்சி நூல்கள் அறவே வேண்டாம். அவள் கணவருக்காகவும் எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். "அப்படியென்றால் எங்கள் விசுவாசம் போதவில்லையா" என்ற கேள்வியைத்தான் அந்தப் புத்தகம் அவள் கையில் வைத்துவிட்டுப் போகும். துன்பத்துக்கு இன்ன காரணம், இதில் தேவ திட்டம் இன்னது என்று அடுக்கி விளக்கும் நூல்களும் இப்போது வேண்டாம்; ஓரிரு வருடம் கழித்து அவளாகவே தேடினால் படிக்கட்டும். மறுபடி எழுந்து நடப்பது எப்படி என்று பத்துப் படிகள் போட்டுத் தரும் நூலும் இதில் சேர்த்திதான்.

துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கத்துக்குமேல் மனம் நிற்காது. அரைப் பக்கத்தில் முடிகிற ஜெபங்கள், அல்லது சங்கீதப் புத்தகம் மட்டும் போதும். 13, 42, 130 ஆகிய சங்கீதங்கள் அழுதுகொண்டே நம்புகிறவை. 88 இன்னும் கடுமையானது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பும். இது கடைசி வரிவரை இருளிலேயே நிற்கிறது. வேதாகமத்திலேயே இப்படியும் ஒரு ஜெபம் இடம்பெற்றிருக்கிறது என்பது சிலருக்குப் பெரிய ஆறுதல். அந்த இடங்களில் மெல்லிய நாடா ஒன்றை வைத்துக் கொடுங்கள், பேனாவால் அடிக்கோடு போடாதீர்கள். முதல் தாளில் அவள் கணவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்ல எல்லாரும் தயங்குகிற காலம் அது.

எங்கள் ஞாயிறு பள்ளியில் 60 பிள்ளைகள். கையில் இருப்பது 6,000 ரூபாய். ஆளுக்கொரு புத்தகம் கொடுக்க முடியுமா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், நாசரேத்

முடியும். மொத்தமாக வாங்கும்போது கழிவு கேளுங்கள். 120 ரூபாய் விலையுள்ள நூலுக்கு 25 சதவீதம் கழிவு கிடைத்தால் ஒன்று 90 ரூபாய். 65 பிரதிகளுக்கு 5,850. மீதி 150இல் பெயர்ச் சீட்டு அச்சடித்துக்கொள்ளலாம். கூடுதல் ஐந்து பிரதி ஆடம்பரம் இல்லை. கிறிஸ்துமஸ் மரம் வைத்துப் பரிசு கொடுக்கிற நாளில் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, காலண்டருக்கும் டைரிக்கும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டால் வரி எதன்மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்பது வாங்குகிறவருக்குத்தான் வசதி. குறைந்தது மூன்று பிரிவாகப் பிரியுங்கள். ஐந்து வயதுக்குள் படமே பெரும்பாகம். பின் அடித்த புத்தகமென்றால் கம்பி முனை வெளியே நீட்டாமல் மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆறிலிருந்து பத்து வயதுவரை உள்ளவர்களில் ஆங்கிலவழிப் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். வாங்குமுன் ஒரு பிள்ளையிடம் கொடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்குமேல் தடுக்கினால் அதைவிட எளிய நூலுக்கு இறங்குங்கள். பதினொன்றுக்கு மேற்பட்டவர்கள் படக்கதையைச் 'சின்னப் பசங்க புத்தகம்' என்று ஒதுக்குவார்கள். அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு.

உள்ளடக்கம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்று அறிய, இயேசு பிறப்புப் பக்கத்தை மட்டும் படித்தாலே போதும். மேய்ப்பர்கள் வருவது லூக்கா 2இல், சாஸ்திரிகள் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) வருவது மத்தேயு 2இல். சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று வகை. அவர்கள் பிள்ளையைக் கண்டதும் ஒரு வீட்டில். மூன்று ராஜாக்கள் தொழுவத்தில் நிற்கிற படம் இருப்பதற்காகப் புத்தகத்தைத் தள்ள வேண்டியதில்லை, அது பழைய மரபு. ஆனால் வசனத்தை மேற்கோள் காட்டியே தப்பாக எழுதியிருந்தால் மற்றக் கதைகளும் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஆர்டர் கொடுத்து, கட்டு வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி). ஆகவே 16–17, 32–33, 48–49 என்று ஃபாரங்கள் சேருகிற இடங்களைப் புரட்டினால் விட்டுப்போனது, இரட்டித்தது, தலைகீழாய்ச் சேர்ந்தது எல்லாம் தெரிந்துவிடும். டிசம்பர் 23இல் கண்டுபிடித்தால் மாற்றித் தரக் கடைக்காரரிடமும் பிரதி இராது.

எங்கள் சபை ஆயருக்கு (பாஸ்டருக்கு) என்ன புத்தகம் கொடுப்பது?
– வாசகர், மதுரை

அவருக்கு அந்த ஒரே மாதத்தில் ஒரே புத்தகம் மூன்று பிரதி வந்து சேரும். பில்லை உள்ளே வைத்து, மாற்றிக்கொள்ளலாம் என்று கடையிலும் பேசிவைத்துவிட்டுக் கொடுங்கள். அல்லது அவருடைய ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) கிழிந்திருந்தால் புதிது ஒன்று. சில பெந்தெகொஸ்தே சபைகளிலும் பிரதரன் சபைகளிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. அந்தச் சபை ஊழியர்களுக்கானால் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள், சங்கடமில்லை.

பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் தீபாவளிக்குப் பலகாரம் தருகிறது. நாங்கள் கேக்கோடு ஒரு கிறிஸ்தவ நூலும் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

நூலைப் பொறுத்தது. மனந்திரும்பச் சொல்லும் நூலைக் கேக்கோடு சேர்த்துக் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்குப் பலகாரம் வருவது சந்தேகம். உள்ளே மதப் பிரசாரத் துண்டுப் பிரசுரம் செருகுவதும் கூடாது. அவர்கள் படிக்கிற வீடுதானா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் போன்றோரின் வரலாறு எந்த வீட்டிலும் படிக்கப்படும். தமிழில் தோய்ந்தவர்கள் என்றால் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியம், உரையோடு. மற்றபடி கேக் மட்டுமே போதும்.

புத்தகத்தை வெளியூருக்கு அனுப்ப மலிவான வழி உண்டா? மழையில் நனைந்து போய்ச் சேருமோ என்றும் பயம்.
– வாசகர், தஞ்சாவூர்

உள்நாட்டுக்கு அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் இருக்கிறது, 2025 மே 1 முதல் நடைமுறையில். பாட நூல்களோடு சமூக, கலாசார, சமய நூல்களையும் ஏற்கிறார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சமான 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். மாத இதழ் போன்று குறித்த காலத்தில் வருபவை இதில் செல்லாது. டெம்மி அளவில் (வழக்கமான நாவல் அளவு) 200 பக்கச் சாதா அட்டைப் புத்தகம் ஏறக்குறைய 230 கிராம்தான், உறையோடு 300க்குள் அடங்கும். வாழ்த்துக் கடிதத்தைத் தனியாக உள்ளே வைக்காமல் புத்தகத்தின் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஜெல் பேனாவும் மைப் பேனாவும் மெல்லிய தாளில் ஊறும், அதனால் பால்பாயிண்ட் பேனாதான்.

தரைவழியாகப் போவதால் நேரம் பிடிக்கும். டிசம்பர் 10க்குள் அஞ்சலில் சேருங்கள், வடமாநிலமென்றால் இன்னும் ஒரு வாரம் முந்தி. அதைத் தாண்டிவிட்டால் ஸ்பீட் போஸ்ட்.

வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் உங்கள் பயம் நியாயமானதே. புத்தகத்தை முதலில் பாலிதீன் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டுங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு அட்டை. புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் அடி அட்டையில் படும், புத்தக மூலைகளில் படாது. அதன்மேல் பழுப்புத் தாள். சணல் கயிறு கட்டாதீர்கள், ஓரங்களை அறுத்துவிடும். ஒரு முனையை ஒட்டாமல் கொண்டுபோங்கள். கவுன்ட்டரில் உள்ளே இருப்பதைக் காட்டச் சொன்னால் காட்டிவிட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம். முகவரியைப் பழுப்புத் தாளில் நேராக எழுதாமல் வெள்ளைச் சீட்டில் எழுதி, அதன்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள்.