காசாளருக்குக் கணக்குத் தெரியாதா?

கேள்வி: காலி வீதியில் உள்ள ஒரு சுப்பர் மார்க்கெட்டில் தேயிலை, சவர்க்காரம், ஒரு பிஸ்கட் பக்கற் வாங்கினேன். பில் 620 ரூபா. ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து, "பொறுங்கோ பிள்ளை, 120 ரூபாவும் தாறன், எனக்கு 500 ஆகத் தாங்கோ" என்றேன். கஷியரில் இருந்த பிள்ளை முழித்துவிட்டு, 120ஐ அப்படியே திருப்பித் தந்து, 380 ரூபாவைக் கையில் வைத்தது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் நான். இந்தத் தலைமுறைக்குச் சின்னக் கழித்தல்கூட வராதா? வேலைக்கு எடுக்கும்போதே ஒரு மனக்கணக்குப் பரீட்சை வைத்தால் என்ன? பில்லின் பிரதியை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வராது என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள், ஐயா? 380 சரியான மிச்சம்தானே!

நம் நாட்டில் சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கிப் பிரித்த பிள்ளைகள்தான் இன்றைக்கு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கஷியரில் இருக்கிறார்கள். 1,120இல் 620 போனால் 500 என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கழித்தலைச் செய்ய அந்த இடத்தில் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதுதான் விஷயம்.

நடந்ததை அந்தப் பக்கம் இருந்து பாருங்கள். நீங்கள் ஆயிரத்தை நீட்டியதும் அந்தப் பிள்ளை 1,000 என்று தட்டிவிட்டது. லாச்சி திறந்துவிட்டது, திரையில் 380 என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் பொக்கெட்டில் கைவிடுகிறீர்கள். உங்களுக்கு அது ஒரு உபகாரம். ஆனால் காசு மேசையில் இருக்கிறவர்களுக்கு, லாச்சி திறந்த பிறகு தொகையை மாற்றச் சொல்லும் ஆள் என்றால் முதலில் வருவது சந்தேகம். ஏனென்றால் இது ஊர் உலகமெல்லாம் தெரிந்த ஒரு பழைய ஏமாற்று வித்தை. 200 ரூபாச் சாமானுக்கு 5,000 ரூபாத் தாளைக் கொடுப்பது, மிச்சம் 4,800ஐ வாங்குவது, "அட, என்னட்டச் சில்லறை இருக்கு, அந்த ஐயாயிரத்தைத் தாங்கோ" என்பது, பாதிக் காசை நீட்டுவது, நடுவில் வேறு ஏதோ விலை கேட்பது. வரிசையில் பின்னால் நாலு பேர் உச்சுக் கொட்டும்போது, எந்தத் தாள் யாருடையது என்பது கலங்கிவிடும். ஆள் போன பிறகுதான் லாச்சியில் குறைவது தெரியும். அதனால்தான் தொகையைத் தட்டிய பிறகு எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இரவு லாச்சியை எண்ணும்போது குறைந்தால் பல கடைகளில் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். உங்கள் பொக்கெட் பாரம் குறைவதற்காக அந்தப் பிள்ளை ஏன் தன் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டும்?

இந்த யந்திரம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேய்ட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவரும் அவருடைய சகோதரரும் 1879இல் காசுப் பதிவு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவருடைய ஊழியர்கள் கணக்கில் மோசம் என்பதால் அல்ல. கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்து, வந்த காசில் ஒரு பங்கைத் தங்கள் பொக்கெட்டில் போட்டுக்கொண்டதால். கூட்டல் கழித்தலில் உதவுவதற்கென்று வந்ததில்லை, கல்லாவில் நிற்பவர்மேல் முதலாளிக்கு இருந்த அவநம்பிக்கையில் பிறந்தது. அதே ஒஹாயோவில் ட்ரோய் என்ற ஊர்ச் சுப்பர் மார்க்கெட்டில் 1974 ஜூன் 26ஆம் திகதி முதன்முதலாக ஒரு சுவிங்கம் பக்கற்றின் பார்கோடை ஸ்கேன் செய்தார்கள். விலையை ஞாபகம் வைத்திருக்கும் வேலையும் அன்றோடு காசாளரிடமிருந்து போகத் தொடங்கியது. முதலில் நம்பிக்கையை எடுத்தார்கள், பிறகு விலையை எடுத்தார்கள், பிறகு மிச்சத்தையும் திரையே சொல்லத் தொடங்கியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது" என்கிறோம்.

கணக்கு அழியவில்லை, எங்கே தேவையோ அங்கே இருக்கிறது. பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்கத் தனியார் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். கொண்டக்டருக்கு உங்கள் அந்தப் பிள்ளையைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தாள்களை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகியிருப்பார், உள்ளங்கையில் சில்லறை. ஒருவர் 500ஐ நீட்டி, "தெஹிவளையில ஏறின ரெண்டு பேர், ஒரு ஆள் கொள்ளுப்பிட்டி, ஒரு ஆள் கோட்டை" என்பார். கொண்டக்டர் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மிச்சத்தை நீட்டியபடியே அடுத்த ஆளிடம் போய்விடுவார். இறங்கும் நேரத்தில் முன்னால் இருந்து ஒருவர் "மிச்சம்!" என்று கத்தினால் அவருக்கு எவ்வளவு என்பதும் ஞாபகம் இருக்கும். (மூன்று ரூபா என்றால் மட்டும் ஞாபகம் இருப்பதில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 27 ரூபாவாக இருந்த காலத்தில் 30ஐக் கொடுத்து மூன்று ரூபாவைக் கையில் வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.) அவருக்கு ஏன் வருகிறது? பொழுது சாயும்போது பஸ் சொந்தக்காரருக்குக் கணக்குக் காட்டவேண்டியவர் அவர், திரை இல்லை, சொன்ன கணக்குக்கு அவரே பொறுப்பு. அதே ஆளை நாளைக்குச் சுப்பர் மார்க்கெட்டில் இருத்திப் பாருங்கள், அவரும் 120ஐத் திருப்பித் தருவார்.

சரி, ஒன்றுமே போகவில்லையா என்று கேட்டால், ஒன்று போய்விட்டது. அதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். புறக்கோட்டைப் பழைய கடைகளில் முதலாளி மிச்சம் கொடுக்கும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். 620 ரூபாச் சாமானுக்கு ஆயிரம் கொடுத்தால் அவர் கழிக்கவே மாட்டார். "அறுநூற்று இருபது" என்று தொடங்குவார். பத்து ரூபாக் குத்தியை வைத்து "அறுநூற்று முப்பது" என்பார். இருபது ரூபாத் தாள், "அறுநூற்று ஐம்பது". ஐம்பது ரூபாத் தாள், "எழுநூறு". பிறகு மூன்று நூறு ரூபாத் தாள்கள், "எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம்". மிச்சம் 380 என்று அவர் வாயில் ஒரு தரமும் வராது, ஆனால் 380 உங்கள் கையில் இருக்கும். கழித்தல் முழுக்கக் கூட்டலாகிவிட்டது. அவர் வாய்விட்டு எண்ண, நீங்களும் கூடவே எண்ணுகிறீர்கள். பிழை வந்தால் இரண்டு பேரில் ஒருவர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். இன்றைக்கு என்ன நடக்கிறது? பில்லுக்கு மேல் தாள், தாளுக்கு மேல் குத்திக்காசு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கையில் திணிக்கிறார்கள். குத்திக்காசு வழுக்கி விழ, அதைக் குனிந்து பொறுக்க, அதற்குள் அடுத்தவரின் சாமான் ஸ்கேன் ஆகிவிடும். எண்ணிப் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு ரூபா இரண்டு ரூபாவுக்கு டொபி தருவது தனிக் கதை.

அதற்காக அந்தக் காலத்து முதலாளிமார் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பென்சிலைக் காதில் செருகியிருந்து, பக்கற் மட்டையிலேயே நீளமாகக் கூட்டி ஒரே மூச்சில் தொகை சொன்ன மனிதர்களில் சிலருக்குப் படிக்கல்லில் கைவைக்கவும் தெரியும், கடன் கொப்பியில் ஒரு வரியைக் கூடுதலாக எழுதவும் தெரியும். ஆட்கள் அன்றைக்கு மனக்கணக்கில் கெட்டியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணாவிட்டால் போச்சு.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். சான்றாக அனுப்பியதால் படித்துப் பார்த்தேன். தேயிலை 240. பிஸ்கட் 130. சவர்க்காரம் 120. அதற்குக் கீழே மறுபடியும் பிஸ்கட் 130. வாங்கியது ஒரு பிஸ்கட் பக்கற் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக உங்கள் பில் 620 அல்ல, 490. அதுவும் அந்தப் பிள்ளையின் பிழைதானே என்பீர்கள். ஸ்கேன் செய்த கை அந்தப் பிள்ளையுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பெரிய மனக்கணக்குப் புலியை அந்தக் கதிரையில் இருத்தினாலும் இது பிடிபடாது. நாலு வரியையும் யந்திரம் சரியாகவே கூட்டியிருக்கிறது. கூடைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் அங்கே ஒருவர்தான், அவர் 500 ரூபாத் தாளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நாள் கடந்துவிட்டதால் தருவார்களோ தெரியாது, கேட்பதில் குறைவில்லை.

என் கவலை கஷியர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம்மைப் பற்றியது. கார்டை நீட்டுகிறோம், அல்லது கியூஆர் குறியீட்டுக்கு முன்னால் போனைப் பிடிக்கிறோம். பில்லைக் கசக்கி வாசலில் உள்ள வாளியில் போட்டுவிட்டு வருகிறோம். 400 கிராம் பால்மா இரண்டரைப் பக்கற் சேர்ந்தால்தான் ஒரு கிலோ, பெரிய பக்கற் லாபமா நட்டமா என்று ராக்கைக்கு முன்னால் நின்று கணக்குப் பார்க்கும் ஆட்கள் எத்தனை பேர்? 2022இல் விலைகள் கிழமைக்குக் கிழமை ஏறியபோது எல்லாரும் பார்த்தோம், ஒவ்வொரு பில்லையும் வரி வரியாக வாசித்தோம். மூச்சு விட்டதும் விட்டுவிட்டோம். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. வரியும் சேர்ந்த 1,180 ரூபா பில்லில் வரி எவ்வளவு என்று கேட்டால், 18 வீதம் என்று 212 ரூபாச் சொச்சம் சொல்கிறவர்கள்தான் அதிகம். விலை 1,000, வரி 180.

பரீட்சை வேண்டும் என்றீர்களே, எனக்கும் சம்மதம். ஆனால் சுப்பர் மார்க்கெட்டில் வேண்டாம், லீசிங் கம்பனி வாசலில் வைப்போம், காசு வாங்கப் போகிறவர்களுக்கு. வினாத்தாளை நான் தருகிறேன், ஒரே ஒரு கேள்வி. ஆட்டோ வாங்க ஒரு லட்சம் குறைகிறது. வட்டி வருடத்துக்கு 15 வீதம்தான், தட்டை வட்டி என்கிறார்கள். அதாவது ஒரு லட்சத்துக்கு 15,000 வட்டி, மொத்தம் 115,000, மாதம் 9,583 ரூபாப்படி 12 தவணை. உண்மையில் கட்டும் வட்டி என்ன?

15 என்று எழுதினால் பூச்சியம். முதல் மாதம்தான் உங்கள் கையில் முழு லட்சம் இருக்கிறது. மாதாமாதம் கட்டக் கட்ட அது குறைந்து, வருட நடுவில் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் வட்டி மட்டும் கடைசித் தவணை வரைக்கும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 26 வீதத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு முறை நம் பிள்ளைகளின் சாதாரண தரக் கணிதப் புத்தகத்திலேயே இருக்கிறது. லீசிங் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், போகிற வழியில் அந்தச் சுப்பர் மார்க்கெட்டில் இறக்கி, கஷியரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து.