ஐடிலில் ஆடும் டீசல் கார்: நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2011 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் கார். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில மாதங்களாக சிக்னலில் நின்றால் ஸ்டியரிங், கியர் லீவர் எல்லாம் நடுங்குகின்றன. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சரியாகிவிடுகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் சேர்ந்தாற்போல் கெடுவது அபூர்வம். இன்ஜெக்டரே காரணமில்லாமலும் இருக்கலாம்.

முதலில், ஆடுவது இன்ஜினா, வண்டியா என்று பாருங்கள். வண்டியை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்படி) விட்டு, சைலன்சர் வாய்க்குப் பின்னால் ஓரடி தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று ஒரே சீராக வந்து மோதினால் இன்ஜின் ஒழுங்காகத்தான் எரிகிறது. நடுக்கத்துக்கு இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்தான் காரணம். ரப்பர் தளர்ந்துபோன மவுண்டிங் இந்த வயதில் சகஜம். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட, நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் எகிறிக் குதித்தால் மவுண்டிங்தான் போயிருக்கிறது. (வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள்.)

கையில் தாளம் தப்பினால், ஏதோ ஒரு சிலிண்டர் சோம்புகிறது. 800 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒன்று மட்டும் மிஸ் ஆனால் நொடிக்கு ஆறேழு உதறல். ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அது ஏன் மறைகிறது? ஐடிலில் ஒரு தடவைக்குப் பீய்ச்சும் டீசல் மிகமிகக் கொஞ்சம். அதில் சிறு ஏற்றத்தாழ்வு வந்தாலும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் அதை விழுங்கிவிடும்.

டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்? நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள். ஃபில்டருக்கு வரும் ஹோஸ் எங்காவது காற்று இழுக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் மட்டும் ஆடி, வெள்ளைப் புகையும் வந்து, சூடானதும் சரியானால், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். கரும்புகையோடு ஆடினால், எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரியடைத்துத் திறந்தபடி நிற்கக்கூடும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.

இதெல்லாம் சரி என்றால்தான் இன்ஜெக்டர். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இன்ஜெக்டரின் அடியில் மட்டும் தார் போலக் கறுப்பாக இறுகியிருந்து, 'சஃப் சஃப்' என்று சத்தமும் வந்தால், அடியிலுள்ள காப்பர் வாஷர் கசிகிறது. வாஷரின் விலை சொற்பம்; இன்ஜெக்டரைக் கழற்றும் கூலிதான் செலவு.

அடுத்து, ஸ்கேனர் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் கரெக்‌ஷன் எண்களைக் கேளுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து வெகுவாக விலகினால் ஆள் அகப்பட்டுவிட்டான். கூடவே லீக்-ஆஃப் டெஸ்ட்: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் வழி) ஒரே அளவு பாட்டில்களை மாட்டி, சில நிமிடம் ஐடிலில் ஓட விடுவார்கள். மூன்று பாட்டிலில் அடிமட்டத்தில் டீசல் நிற்க, நான்காவதில் பாதி நிரம்பினால் அந்த இன்ஜெக்டரை மட்டும் டீசல் பம்ப் லேபுக்கு அனுப்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் வண்டியில் அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். நான்கு இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் ஐடிலிலேயே 200 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசி போலப் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கடைசியில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. எந்த இன்ஜெக்டரிலும் குறை இல்லாமல், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பொங்கி வருகிறது என்றால் அதைச் சோதிக்கத்தான் வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றும்படி ஆனால், அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியுவில் ஏற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குறியீடு கேட்கும் வண்டியில் அதை ஏற்றாமல் விட்டால், புது இன்ஜெக்டரோடும் வண்டி ஆடலாம்.