ஓடாத இஞ்சினைக் கழற்ற முன்: மாதிரி ரயில் கேள்வி பதில்

இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் என் வீடு. முன் அறையில் பல வருடமாக ஓஓ அளவு (உண்மை ரயிலில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் ஓடுகிறது. பழுதான இஞ்சின்களைத் திருத்துவதுதான் எனக்குப் பிடித்த வேலை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ‘மோட்டர் போயிற்றா?’ என்றுதான் முடிகின்றன. மோட்டர் லேசில் போகாது. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

அண்ணன், எண்ட இஞ்சின் கொஞ்சத் தூரம் ஓடுது, நிக்குது. விரலால தட்டினா மறுகா ஓடுது. மோட்டரை மாத்தவா? (ஆரையம்பதி)

மாற்றவேண்டாம் தம்பி. தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டர் நல்லாயிருக்கிறது, கரண்ட்தான் ஒழுங்காக வந்து சேரவில்லை. தண்டவாளத்திலிருந்து சில்லுக்கும், சில்லின் உட்பக்கத்தை உரசிக்கொண்டிருக்கிற மெல்லிய தகட்டுக்கும், அங்கிருந்து வயர் வழியாக மோட்டருக்கும் கரண்ட் போகவேண்டும். இதில் எங்கே அழுக்கு இருந்தாலும் இஞ்சின் நின்றுவிடும்.

நிற்கிற இடத்தை முதலில் பென்சிலால் பலகையில் குறியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றால் குற்றம் தண்டவாளத்தில். கண்ட கண்ட இடத்தில் நின்றால் குற்றம் இஞ்சினில்.

இஞ்சினைக் கவிழ்த்துச் சில்லை வெளிச்சத்தில் பாருங்கள். தண்டவாளத்தில் உருளுகிற பகுதியில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். நகத்தால் சுரண்டினால் மெழுகு போல உரிந்து வரும். தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகியது அது. போன் திருத்துகிற கடையில் ஐசோபுரோபைல் அல்ககோல் கேட்டு வாங்குங்கள். ஒரு டிஷ்யூவை அதில் லேசாக நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். முன் சில்லுகள் டிஷ்யூவிலும் பின் சில்லுகள் வெறுந் தண்டவாளத்திலும் இருக்கும்படி இஞ்சினைப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். சில்லு சுற்றச் சுற்ற டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடு விழும். பிறகு இஞ்சினைத் திருப்பி வைத்து மற்றப் பக்கத்தையும் செய்யுங்கள். ஈரம் பட்டால் போதும், சொட்டக்கூடாது. அது தீப்பற்றும் திரவம், பக்கத்தில் விளக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகும் நின்றால், அந்த மெல்லிய தகடு சில்லைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் வளைவில் தொடர்பு அறும். ஊசி முனையால் மெல்ல உட்பக்கம் வளைத்து விடுங்கள். அழுத்தி வளைத்தால் அது சில்லுக்கு பிரேக் ஆகிவிடும்.

சாண்ட் பேப்பரால தண்டவாளத்தைத் தேய்ச்சேன். ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு, இப்ப முந்தியை விட மோசம். (காத்தான்குடி)

இதை நானும் செய்திருக்கிறேன். முதல் வருடம் நான் தேய்த்த ஒரு வளைவு, மாற்றும் வரைக்கும் எனக்குத் தொல்லை தந்தது. சாண்ட் பேப்பர் கீறுகிறது, அந்தக் கீறலுக்குள் அழுக்கு போய்த் தங்குகிறது, வழுவழுப்பான தண்டவாளத்தை விட வேகமாகக் கறுக்கிறது. இரும்பு நாரால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். மோட்டருக்குள் காந்தம் இருக்கிறது, உதிர்கிற இரும்புத் துகளை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். துணியும் அல்ககோலும் போதும்.

உங்கள் தண்டவாளம் என்ன உலோகம் என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உருக்கு. நம்முடைய உப்புக் காற்றுக்கு அது துருப்பிடிக்காமல் இராது. நிக்கல் சில்வர் என்று விற்பதை வாங்குங்கள். பேரில் சில்வர் இருந்தாலும் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, துருப்பிடிக்காது. மாரி மழைக்காலத்தில் ஒரு சேலையையாவது மேலே மூடி வையுங்கள், கிழமைக்கு ஒருதரம் ஓட விடுங்கள்.

அண்ணா, கனடாவிலயிருந்து தம்பி மகனுக்கு ரயில் செட் அனுப்பினவர். பிளக்கைப் போட்டதும் ஒரு மணம் வந்தது, பிறகு ஒண்டும் இல்ல. மகன் அழுறான். (செங்கலடி)

தங்கச்சி, கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. கொன்ட்ரோலரின் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியின்) அடியில் ‘இன்புட்’ என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 மட்டும் இருந்தால் எரிந்தது கொன்ட்ரோலர்தான். இஞ்சின் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு 9 வோல்ட் பற்றறி வாங்கி, இரண்டு வயர் பொருத்தி, ஒன்றை இடது சில்லிலும் மற்றதை வலது சில்லிலும் தொடுங்கள். சில்லு சுற்றினால் மகனிடம் இஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லலாம். 230 வோல்ட்டில் வேலை செய்து 12 வோல்ட் டீசி தருகிற மாதிரி ரயில் கொன்ட்ரோலர் ஒன்று மட்டும் எடுத்தால் போதும். கருகிய பழையதைத் திரும்பச் செருகவேண்டாம்.

சின்ன நாலு சில்லு இஞ்சின் பாதை பிரியிற இடத்தில மட்டும் நிக்குது. பெரிய இஞ்சின் தாண்டிப் போகுது. (கல்முனை)

பாதை பிரிகிற இடத்தில் இரண்டு தண்டவாளமும் குறுக்கறுக்கிற பகுதி பல செட்டுகளில் பிளாஸ்டிக். அங்கே கரண்ட் இல்லை. பெரிய இஞ்சினுக்கு மற்றச் சில்லுகள் கரண்ட் எடுத்துக் கொடுக்கும், சின்னதற்கு எடுக்க மிச்சச் சில்லு இல்லை. சில்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுங்கள். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் அந்தப் பகுதி உலோகமாக இருக்கிற வகைக்கு மாறவேண்டும்.

டிஜிட்டல் கொன்ட்ரோலர் வாங்கினேன். பழைய இஞ்சினை வச்சா ஓடாம வண்டு மாதிரி இரையுது. (ஏறாவூர்)

உடனே தூக்கிவிடுங்கள். டிஜிட்டல் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ், திசை மாறி மாறி, இருந்துகொண்டே இருக்கும். டிகோடர் (கொன்ட்ரோலரின் கட்டளையைப் புரிந்து மோட்டரை ஓட்டுகிற, இஞ்சினுக்குள் வைக்கிற சின்னச் சுற்றுப் பலகை) இல்லாத மோட்டர் அதில் நின்ற இடத்திலேயே சூடாகி எரியும். டிகோடர் போட்ட பிறகு ஓட்டுங்கள். புது டிகோடரின் முகவரி, அதாவது கொன்ட்ரோலரில் அந்த இஞ்சினைக் கூப்பிடுகிற எண், வழமையாக 3.

ஓடுறபோது டக், டக் எண்டு ஒரே தாளத்தில சத்தம். தேங்காய் எண்ணெய் விட்டும் நிக்கல்ல. (களுவாஞ்சிகுடி)

தேங்காய் எண்ணெயை முதலில் துடைத்தெடுங்கள். நாள் போகப் போக அது பசையாகிப் பல்லுகளைப் பிடித்துக்கொள்ளும். உலோக அச்சுகளுக்குத் தையல் மெசின் எண்ணெய், அதுவும் ஊசி முனையில் எடுத்த துளி. பிளாஸ்டிக் பல்சில்லுகளுக்கு, பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிற கிரீஸ்.

சத்தத்துக்குக் காரணம் வேறு. சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு ‘டக்’ என்றால் அச்சில் இறுக்கிய பிளாஸ்டிக் பல்சில்லு வெடித்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இரண்டு பல்லுக்கு நடுவே மயிர் போல ஒரு கோடு. அந்த இடைவெளி விரிந்திருப்பதால் அடுத்த பல் அதில் ஏறி விழுகிறது. பசை நிற்காது, புதுப் பல்சில்லு போடவேண்டும். போட்ட பிறகு இரண்டு சில்லின் உட்பக்கங்களுக்கு நடுவே அளவுகோல் வையுங்கள். ஓஓ அளவுக்கு 14.5 மில்லிமீற்றர். குறைந்தாலும் கூடினாலும் அடுத்த தடப்பிரிவில் இஞ்சின் தடம் புரளும்.

எங்கட உதயதேவியைச் செய்ய ஆசை. எந்த இஞ்சினை வாங்கி மேல் கூடு போடலாம்? (வாழைச்சேனை)

உதயதேவி, நம்முடைய மட்டக்களப்பு–கொழும்பு ரயில். கூடு எப்படியும் செய்யலாம், அடித்தளத்தைப் பார்த்து வாங்குங்கள். நம்முடைய பாதை 1676 மில்லிமீற்றர் அகலம். ஓஓ அளவில் அதைச் சரியாகச் செய்தால் 22 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைப்பது 16.5. அதனால் பார்வைக்குக் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாச் சில்லிலும் கரண்ட் எடுக்கிற, நடுவில் மோட்டர் இருந்து இரு பக்கப் போகிகளின் (அடியில் சில்லுகள் பூட்டிய, வளைவில் திரும்புகிற சட்டங்களின்) சில்லுகளையும் சுற்றுகிற அடித்தளமாகத் தேடுங்கள். ஒரு போகியில் மட்டும் மோட்டர் உள்ளது வேண்டாம். கூடு ஒட்ட முன் வெறும் அடித்தளத்தை இரு திசையிலும் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் பிறகு பெயின்ற் எடுங்கள்.