கரையில் எழுதிய பட்டியல் மலைக்குப் பொருந்துமா?

கேள்வி: ஹட்டனில் புதிதாகக் கட்டிய வீட்டில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புகிறோம். கொழும்பில் ஒரு கடை விலைப்பட்டியல் தந்திருக்கிறது. தொட்டி, ஸ்டாண்ட், அடியில் வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், விளக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் எல்லாம் அதில் இருக்கின்றன. மேல்மாடி வரவேற்பறையில் வைக்க எண்ணம். முற்பணம் கட்டலாமா?

பதில்: இன்னும் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலில் ஒரு பொருள் உங்களுக்குத் தேவையில்லை. தேவையான ஒரு பொருள் அதில் இல்லை. வைக்க நினைக்கும் இடமும் யோசிக்க வேண்டியது.

தேவையில்லாதது சில்லர். பவளப்பாறை மீன்களுக்கு நீர் 24 முதல் 26 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். கொழும்பில் பம்பியும் விளக்கும் ஓடும் தொட்டி எளிதாக 29, 30 பாகைக்கு ஏறிவிடும். அங்கே சில்லர் இல்லாமல் முடியாது. ஆகவே கடைக்காரர் பழக்கத்தில் எழுதியிருக்கிறார். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் தொட்டி சூடேறப் போவதில்லை, இரவெல்லாம் குளிரப் போகிறது. பட்டியலில் இருக்க வேண்டியது ஹீட்டர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான். அங்கே இருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். கண்டி வாசகர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: ஓர் ஆண்டு வெப்பமானியை வைத்துப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் சிறிய மின்விசிறி போதும்.

ஹீட்டரை ஒரே பெரியதாக வாங்காமல் 300 வாட்டில் இரண்டாக வாங்குங்கள், தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன். ஹீட்டரின் உள்ளே இருக்கும் சுவிட்ச் பழுதாகி ஓயாமல் எரிவதுதான் வழக்கமான கேடு. பெரிய ஹீட்டர் ஒன்று அப்படி எரிந்தால் விடிவதற்குள் மீன் வெந்துவிடும். சிறியது ஒன்று எரிந்தால் நீர் மெதுவாகத்தான் ஏறும், நமக்கும் நேரம் கிடைக்கும். ஒன்று நின்றுபோனாலும் மற்றது தாங்கும்.

மின்கட்டணத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். சராசரியாக 250 வாட் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 6 யூனிட், மாதத்துக்கு 180 யூனிட். நம் நாட்டுக் கட்டண முறையில் யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிறது. இந்த 180 உங்கள் வீட்டுப் பாவனையின் தலைமேல் போய் உட்காரும். தொட்டியின் பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ரெஜிஃபோம் பலகை ஒட்டுங்கள், மேலே கண்ணாடி மூடி போடுங்கள். வெப்பம் பெரிதும் வெளியேறுவது திறந்த நீர்ப்பரப்பு ஆவியாவதால்தான். மூடி போட்டால் அறைச்சுவரில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். ஏற்கனவே ஈரம் சொட்டும் ஊர் நம்முடையது.

அடுத்தது பாரம். அந்த அளவுத் தொட்டி விளிம்பு வரை 680 லீற்றர் பிடிக்கும். நீர், 12 மில்லிமீற்றர் கண்ணாடி, கல், மணல், சம்ப், ஸ்டாண்ட் அனைத்தும் சேர்ந்து ஒரு தொன்னைத் தொடும். அது நிற்கும் இடமோ ஒரு சதுர மீற்றரைச் சற்றே தாண்டும். வீட்டு மேல்மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். உங்கள் வீட்டு வரைபடத்தைப் போட்ட பொறியியலாளர் பார்த்து, தளத்தைத் தாங்கும் வளை (பீம்) எங்கே ஓடுகிறது என்று காட்டிச் சம்மதித்தாலன்றி மேல்மாடி வேண்டாம்.

கீழ்த்தளம் என்றாலும் மலைநாட்டில் ஒரு கேள்வி மிஞ்சும். சரிவில் கட்டிய வீடு பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். தொட்டி வெட்டிய பக்கத்துக்கு வரட்டும். நிரப்பிய மண் இரண்டு மழைக்காலத்தில் ஓர் அங்குலம் தாழ்ந்தாலும் கண்ணாடி மூட்டுகள் முறுகிக் கசியும். எது எந்தப் பக்கம் என்று உங்கள் மேசனுக்குத் தெரியும்.

கேள்வி: நுவரெலியாவில் இதே அளவில் ஒரு தொட்டி போடுகிறேன். சம்ப் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். குழாய் வேலை செய்யும் பாஸ், "ஓர் அங்குலக் குழாயில் ஒன்று கீழே, ஒன்று மேலே, மேலே போவதில் ஒருவழி வால்வு போட்டால் மின்சாரம் நின்றாலும் தண்ணீர் திரும்பாது" என்கிறார். சரியா?

பதில்: பாஸ் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் சொல்வது வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கான கணக்கு. இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

தொட்டியிலிருந்து சம்புக்கு நீர் கீழே இறங்கும் வழி இரண்டாக இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றரை அங்குலத்தில். முதல் குழாயில் கேட் வால்வு வைத்து, காற்றுப் புகாமல் நிறைந்து ஓடும்படி திருகி வையுங்கள், சத்தமே இராது. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் இருக்கட்டும். அதில் வால்வே கூடாது. முதலாவதில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால் நீர் உயர்ந்து இரண்டாவதில் இறங்கும். இந்த ஒரு குழாயின் விலையை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு தரையை மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது மின்வெட்டுக் கணக்கு. உங்கள் தொட்டியின் நீர்ப்பரப்பில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 11 லீற்றர். மேலே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால், பம்பி நின்றதும் அந்த வாய் காற்றைத் தொடும் வரை நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு இறங்கும். 111 லீற்றர் சம்புக்கு வரும். உங்கள் சம்பின் கொள்ளளவு 191 லீற்றர். வழக்கம்போலப் பாதி நிறைத்து ஓட்டினால் காலியிடம் 95 லீற்றர். மிச்சம் தரையில். அதே வாயை நீர்மட்டத்துக்கு இரண்டரை சென்ரிமீற்றர் கீழே வைத்தால் திரும்புவது 28 லீற்றர்தான். குழாய்களில் நிற்பதைச் சேர்த்தாலும் சம்ப் தாங்கும்.

ஒருவழி வால்வை நம்பாதீர்கள். கடல்நீரில் சுண்ணாம்புப் படிவும் சிறு புழுக்களின் கூடும் ஆறு மாதத்தில் அதன் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது அழகாக மூடும், தேவைப்படும் இரவில் மூடாது. என் முதல் தொட்டியில் அதை நம்பியிருந்தேன். ஓர் ஆடி மாத இரவில் மின்சாரம் போய், காலையில் எழுந்து பார்த்தபோது பழைய பலகைத் தரை முழுவதும் உப்புநீர். அந்தப் பலகைகள் காய்ந்து நெளிந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இறங்கும் வழி முழுதாக அடைபட்டால் பம்பி தன் அறையில் இருக்கும் நீரையெல்லாம் மேலே தள்ளிவிடும். மேல்விளிம்பில் 4 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டிருந்தால் 44 லீற்றர் தாங்கும். ஆகவே சம்பில் பம்பி இருக்கும் அறை 40 லீற்றருக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆவியாவதால் நீர்மட்டம் தாழ்வதும் அந்த அறையில்தான். ஹீட்டரை அங்கே வைக்காதீர்கள், நீருக்கு வெளியே வந்து வெடிக்கும்.

பம்பியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உயரமே இல்லாத நிலைக்கானது. உங்களுக்குத் தேவை மணிக்கு 3,400 லீற்றர் அளவு, தொட்டிநீர் ஐந்து முறை சுற்றுவதற்கு. அது ஒன்றரை மீற்றர் ஏறிய பின் கிடைக்கிறதா என்று பெட்டியின் பக்கத்தில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள்.

பித்தளை வால்வு, நாகமுலாம் பூசிய இணைப்பு, செம்பு எதுவும் நீரைத் தொடக் கூடாது. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். எல்லாம் பிவிசி. செங்குத்தான எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு போட்டால் ஓட்டம் தடைபடாது. பம்பிக்கு அருகில் திருகிக் கழற்றும் யூனியன் இணைப்பு வைத்தால் பின்னர் குழாயை அறுக்காமல் கழற்றலாம். பசை காய ஒரு நாள் விடுங்கள். கண்ணாடியில் துளையிடுமுன் அது சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியா என்று தயாரித்தவரிடம் கேளுங்கள்; அப்படியானால் துளையிட்ட கணமே பொடியாகிவிடும்.

எல்லாம் பூட்டிய பின் சாதாரண நீரை நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். பத்து முறை சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சம்பில் நீர் ஏறிநிற்கும் உச்சத்தைக் கோடு போட்டு வையுங்கள். பாஸுக்குக் கடைசித் தவணைப் பணம் அந்த வாரம் முடிந்த பிறகு.

கேள்வி: தலவாக்கலையில் அடிக்கடி மின்சாரம் தடைப்படுகிறது. ஹீட்டருக்கும் சேர்த்து ஜெனரேற்றர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 680 லீற்றர் நீர் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். 250 வாட் வெப்பம் வெளியேறினால் ஒரு மணிநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைதான் இறங்கும். ஆறு மணிநேர இருளில் இரண்டு பாகை. மீன் அதைத் தாங்கும். தாங்காதது மூச்சு. உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைகிறது, நீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவில் குறைகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஹட்டனில் 86 சதவீதம், நுவரெலியாவில் 80 சதவீதம்தான். கடலோரத் தொட்டியில் மீன் தாக்குப்பிடிக்கும் நேரத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. மீன்களையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே விடுங்கள். ஜெனரேற்றர் பணத்தில் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி இரண்டும், நீரைச் சுழற்றும் சிறு பம்பிக்கு ஓர் இன்வேர்ட்டரும் வாங்குங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்ததை நினைவில் வைத்து பற்றரியின் அளவைத் தீர்மானியுங்கள்.

மின்னிணைப்பில் ஒன்று மட்டும்: தொட்டிக்கான இணைப்பு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே வர வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். பிள்ளைகள் கையை உள்ளே விடும் தொட்டி இது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பீலித் தண்ணீர் தாராளமாக வருகிறது. அதில் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா? அல்லது நீர்கொழும்பிலிருந்து கடல்நீரையே கான்களில் கொண்டுவரலாமா?

பதில்: ஆனையிறவு உப்பு சமையலுக்கு அருமையானது. ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைட். உப்பு விளையும்போது மக்னீசியமும் கல்சியமும் பிரிந்துபோய்விடும். மீனுக்கும் பவளத்துக்கும் அவை வேண்டும். மீன்தொட்டிக்கென்று தயாரிக்கும் உப்பையே வாங்குங்கள். லீற்றருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல், முதல் முறைக்கு 25 கிலோ அளவில். மூட்டையாக இல்லாமல் மூடியுள்ள வாளியாக வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்த உப்பு ஒரே மாதத்தில் பாறையாகிவிடும், அதன் கலவையும் கெடும்.

பீலித் தண்ணீர் தேயிலைச் சரிவைக் கடந்து வருகிறது. மலைக்குப் போட்ட உரமும் அடித்த மருந்தும் அதில் இருக்கலாம். குடிக்க இனித்தாலும் தொட்டியில் பாசியைக் கொட்டிவிடும். நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்ஓ வடிகட்டி அவசியம். நம் நீர் மென்மையானது, ஆகவே அதன் சவ்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் குளிர்நீரில் அது மெதுவாகத்தான் வடிக்கும். பெட்டியில் எழுதியிருப்பது 25 பாகைக்கான அளவு; 15 பாகை நீரில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக எதிர்பாருங்கள். தகரக் கூரையில் விழும் மழைநீர் வேண்டாம், நாகம் கரைந்து வரும்.

கடல்நீர் 700 லீற்றர் என்றால் 25 லீற்றர் கான் 28. கரையோரம் அள்ளியது கழிவும் எண்ணெயும் கலந்தது. லொறிக் கூலியைக் கூட்டிப் பார்த்தால் உப்பே மலிவு.

கேள்வி: கொழும்பிலிருந்து பஸ்ஸில் மீன் வரவழைத்தேன். பைகள் பலூன்போல உப்பி, ஒன்று கசிந்து, ஆறில் நான்கு செத்துவிட்டன. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் எழுதியிருக்கிறதாம்.

பதில்: பிஸ்கட் பொதி நுவரெலியா வந்து சேரும்போது உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான். கடல்மட்டத்தில் அடைத்த வாயு அந்த உயரத்தில் கால்பங்கு விரிகிறது. பையில் காற்றுக்கு இடம் விட்டுத் தளர்வாக, இரட்டைப் பையாகக் கட்டி, ரெஜிஃபோம் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விடாதீர்கள். திறந்தவுடன் உள்ளே தேங்கிய காபனீரொட்சைட் வெளியேறி, அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாக மாறும். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். உப்பின் அளவை முன்கூட்டியே கடையின் நீரோடு ஒத்துவைத்திருந்தால் இது பாதுகாப்பானது.

அந்தப் பலகையைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உத்தரவாதம் மீறப்பட்டதாக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்து மூலம். தொலைபேசி எண் 1977. ஆனால் செத்த மீனுக்கு யார் பொறுப்பு என்று நிரூபிப்பது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அடுத்த முறை, "உயிரோடு வந்து சேராவிட்டால் பணம் திரும்பும்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

கேள்வி: திருகோணமலையில் இருக்கும் மச்சான் உயிருள்ள பவளமும் பவளக்கல்லும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். தொட்டிக்கு நல்லதுதானே?

பதில்: வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கல்பவளங்கள் நம் நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. உடைத்து எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வழியில் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது மச்சான்தான். சட்டத்தை விடுங்கள், ஒரு கைப்பிடிப் பவளம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். தொட்டிக்கென்று சிமெந்தில் வார்க்கும் கல்லை வாங்கி, மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பக்டீரியா அதில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் நீரில் போட்டு வையுங்கள். குளிர் ஊரில் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளலாம். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியம் காட்டிய பிறகு முதல் மீனை விடுங்கள்.