பன்றியிலிருந்து வரும் மூளைக்காய்ச்சலில் காது கேட்காமல் போகுமா? முன்பே சொல்ல முடியுமா?

ஏற்காட்டில் பன்றி வளர்ப்பவர்களும் சேலத்தில் கறி வெட்டுபவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்பது பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் வாழும் பாக்டீரியா. பச்சைக்கறியைத் தொடும்போது விரலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட ரத்தத்துக்குள் போய் மூளைச்சவ்வை, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையை, வீங்க வைத்துவிடும்; இதுதான் இந்த மூளைக்காய்ச்சல். மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாதை உண்டு, ஏரியில் கலந்த சாக்கடை மதகு வழியே வயலுக்குப் பாய்கிற மாதிரி கிருமி அதில் இறங்கி, ஒலியை உணரும் செல்களை அழிக்கிறது.

யாருக்குக் காது போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். வியட்நாமில் டெக்சாமெத்தசோன் என்ற, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குக் காது பாதிப்பு குறைவாக இருந்தது. காய்ச்சல், தலைவலியோடு காது மந்தமானால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பன்றியோடு வேலை செய்வதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆன்டிபயாட்டிக் ஊசிதான் காதைக் கெடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோயில் காதைக் கெடுப்பது கிருமிதான், அதனால் ஊசியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.