மலிவான இறக்குமதி கார் பாகங்களின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்தப் பொருள் பழுதானால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மொபைல் ஸ்டாண்ட், சீட் கவர் என்றால் விலையைப் பார்த்தே வாங்கலாம். ஸ்டீயரிங், பிரேக் சமாச்சாரத்தில் பெயர் தெரியாத சரக்கை நான் தொடவே மாட்டேன்.

ஆட்கள் அதிகம் ஏமாறுவது எல்இடி ஹெட்லைட் பல்பில்தான். பெட்டியில் ‘ஜோடி 200 வாட்’ என்று போட்டிருக்கும். அது உண்மையென்றால் 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். (நிஜமாகவே அவ்வளவு இழுத்தால் இன்னும் ஆபத்து. ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட் எடுக்கும் எச்4 ஹாலஜன் பல்புக்காகப் போட்ட ஒயர் சூடாகும்.) வாட்டைவிட முக்கியம், பழைய பல்பின் இழை இருந்த அதே இடத்தில் எல்இடி சிப் உட்கார்ந்திருப்பது. சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு போட்ட மாதிரி விழாமல் மேலே சிதறினால், எதிரே வருபவர் கண் கூசும்.

பிரேக் பேடின் பக்கவாட்டில் ‘எஃப்எஃப்’, ‘ஜிஎஃப்’ போல இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடேறிய பிறகு. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை. இது பிடிமானத்தின் அளவு மட்டுமே, தரச் சான்று அல்ல. ஆனால் அந்த எழுத்துகூட இல்லாத பேடை வாங்காதீர்கள்.

அப்புறம், ‘சிஇ’ (CE) முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. விளக்குகளுக்கு ஐரோப்பிய ஒப்புதல் என்பது வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்தும் நாட்டின் எண்ணும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து. பக்கத்திலேயே ஒப்புதல் எண்ணும் இருக்க வேண்டும்.