வில்லனைப் பிடிக்கவில்லை என்றால் வயசாகிவிட்டதா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 43 வயது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். போக வர பஸ்ஸில்தான் படிப்பு. ஆபீசில் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாங்கள் ஐந்து பெண்கள், கொஞ்ச நாளாக இங்கிலீஷ் ரொமான்ஸ் நாவல்களை மாற்றி மாற்றிப் படிக்கிறோம். எல்லாம் கொஞ்சம் சூடான ரகம். 'தி லவ் ஹைப்போதிசிஸ்' நன்றாகச் சிரிக்க வைத்தது, ஆனால் அதில் வரும் நீளமான படுக்கையறைக் காட்சியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். 'தி கிஸ் கோஷன்ட்' அதைவிட எவ்வளவோ சூடு, ஒரு வரி விடவில்லை, சில பக்கங்களை இரண்டாவது தடவையும் படித்தேன். 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' ஏமாற்றிவிட்டது. காதல் கதை என்று வாங்கி ராத்திரி உட்கார்ந்து அழுதேன். கடைசியாக, எங்களில் இளையவள் கொடுத்த ஒரு மாஃபியா நாவல். ஹீரோ அந்தப் பெண்ணைக் கடத்தி, அறையில் அடைத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல... பாதியில் மூடிவிட்டேன். "இவன் ஹீரோ இல்லடி, ரவுடி" என்று சாப்பிடும்போது சொன்னேன். "அக்காவுக்கு வயசாயிடுச்சு, ஸ்பைஸ் ஒத்துக்கல" என்று ஒரே சிரிப்பு. கொடுத்தவள் மட்டும் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. எனக்கு நிஜமாகவே வயசாகிவிட்டதா, இல்லை இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கத் தெரியவில்லையா? பி.கு.: 13 வயதுப் பையன் என் போனை எடுத்துத்தான் விளையாடுகிறான், அந்தப் பயம் வேறு.
பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: வயசெல்லாம் ஆகவில்லை. நீங்கள் படித்து முடித்த மூன்றில் அதிகம் சூடான புத்தகம் எதுவோ அதைத்தான் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறீர்கள், அதுவும் சில பக்கங்களை இரண்டு தடவை. ஸ்பைஸ் ஒத்துக்கொள்ளாத ஆள் 'தி கிஸ் கோஷன்ட்' பக்கமே போயிருக்க மாட்டார். இதை மேஜையில் சிரித்த மூவரிடமும் தாராளமாகச் சொல்லலாம்.

இனி வரப்போவதில் கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடுங்கள்.

அந்தப் புத்தகம் ஏன் உங்களைப் பிடித்து உட்கார வைத்தது என்று யோசித்தீர்களா? ஸ்டெல்லா எகனாமெட்ரிக்ஸ் படித்து எண்களோடு வாழ்கிறவள் (அக்கவுன்ட்ஸ்காரிக்குப் பிடிக்காமல் போகுமா). ஆட்டிசம் இருக்கிறவள், யாராவது தொட்டால் உடம்பு விறைத்துப் போகிறது, இதற்கு நாமே ஒரு வழி பண்ணுவோம் என்று காசு கொடுத்து மைக்கேல் என்கிற எஸ்கார்ட்டை வரவழைக்கிறாள். முதல் ராத்திரி என்ன நடக்கிறது? அவள் பயந்து விறைக்கிறாள், அவன் நிறுத்திவிடுகிறான். காசு வாங்கிய வேலைதானே என்று மேலே போகவில்லை. 2018-ல் வந்த அந்த நாவலின் மொத்த சூடும் அந்த நிறுத்தத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணக்கு. அப்புறம் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் இருவரில் ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிகிறது: அவளுக்கு எது ஆகும், எது ஆகாது, அவனுக்கு எதைச் சொல்ல வெட்கம். அதை எழுதிய ஹெலன் ஹோவாங்குக்கே பெரியவரான பிறகுதான் ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது, அதனால் ஸ்டெல்லாவின் உடம்பு வெளியிலிருந்து பார்த்து எழுதிய உடம்பாக இல்லை. கடைசிப் பகுதி எனக்கு இழுவைதான். தன் தகுதி போதாது என்று அவனாகவே முடிவு பண்ணிக்கொண்டு விலகிப் போவதும், நாம் அவனைத் தலையில் குட்டக் காத்திருப்பதும்... எல்லா ரொமான்ஸ் நாவலும் முக்கால்வாசி தாண்டியதும் இப்படி ஒரு பிரிவை வைத்தே ஆக வேண்டும் என்று யார் இவர்களுக்கு உத்தரவு போட்டார்களோ.

'தி லவ் ஹைப்போதிசிஸ்' விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போடுவேன். நீங்கள் தள்ளிவிட்டுப் போன அந்தக் காட்சி பாஸ்டன் மாநாட்டு ஓட்டல் அறையில் நடக்கிறது. அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சியாளர், 'உன் வேலைக்கு மதிப்பே இல்லை' என்கிற மாதிரி பேசி, அசிங்கமாகவும் நடந்துகொண்டு நாயகி ஆலிவை நொறுக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஹீரோ ஆடம் அவளிடம் கேட்டுக் கேட்டு, சரியா சரியா என்று உறுதி பண்ணிக்கொண்டு நெருங்குவதற்கு அந்தக் கதையில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நீளம்? நீங்கள் சொல்வதுதான் சரி. ஆடமின் உருவம் எவ்வளவு பெரிது, கை எவ்வளவு பெரிது என்று புத்தகம் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. 'ஸ்டார் வார்ஸ்' ஜோடி ஒன்றை வைத்து ரசிகர் கதையாக எழுத ஆரம்பித்து 2021-ல் நாவலாக வந்த கதை அது, அந்த ரசிகத்தனம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதிய ஆலி ஹேசல்வுட் நரம்பியல் ஆராய்ச்சிக்காரர் என்பதால் லேப் அரசியலும், மானியத்துக்கு அலைவதும், படிக்கிற பிள்ளைகளின் பணப் பஞ்சமும் அசலாக இருக்கின்றன. படுக்கையறையைவிட அந்த லேப்தான் எனக்குப் பிடித்தது.

காட்சியைத் தள்ளிவிட்டுப் போனதற்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம். நம் படங்களில் நடுவில் ஜோடி திடீரென்று சுவிட்சர்லாந்துக்குப் போய் ஆடிவிட்டு வந்தால், கதையில் எதுவும் மாறாது என்று தெரிந்தவர்கள் டீ குடிக்க வெளியே போய்விடுவார்கள் இல்லையா, சூடான காட்சிக்கும் அதே நியாயம்தான். அந்தக் காட்சியை உருவிவிட்டுப் படித்தாலும் மறுநாள் காலை இருவரும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் வெளியே போகலாம்.

'இட் எண்ட்ஸ் வித் அஸ்' ஏமாற்றியது என்கிறீர்கள். ஏமாற்றியது புத்தகம் இல்லை, அதை விற்றவர்கள். அமெரிக்காவில் ரொமான்ஸ் எழுதுகிறவர்களின் சங்கமே வைத்திருக்கும் இலக்கணம் இரண்டே வரிதான்: காதல்தான் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கை தர வேண்டும். நாயகி லில்லிக்கும் அவள் கணவன் ரைலுக்கும் அப்படி ஒரு முடிவு இல்லை, குழந்தை பிறந்த பிறகு அவள் அவனை விட்டு விலகுகிறாள். 2024-ல் படமாக வந்தபோதும் இதே கதைதான், அடி வாங்கும் பெண்ணின் கதைக்குப் பூப்போட்ட விளம்பரமா என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். ஆனால் 2016-ல் அதை எழுதிய கொலீன் ஹூவர் தன் அம்மா பட்டதை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று பின்னுரையில் சொல்லியிருக்கிறார், அப்பாவிடம் அடி வாங்கிப் பிரிந்து வந்த அம்மா. அதைத் தெரிந்துகொண்டு முன்பாதியைத் திரும்பிப் பாருங்கள். ரைல் அழகு, டாக்டர், தமாஷாகப் பேசுகிறான், காட்சிகள் சூடாக இருக்கின்றன, நாமும் மயங்கித்தான் போகிறோம். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் கையைச் சுட்டு, அவள் சிரித்துவிட்டாள் என்று அவளைத் தள்ளிவிடுகிறானே, அந்த இடத்தில் உங்கள் மனசு என்ன சொன்னது? 'பாவம், வலியில் பண்ணிட்டான்' என்று ஒரு நிமிஷமாவது வந்திருக்கும். எனக்கு வந்தது. லில்லிக்கும் அதுதான் வந்தது. அந்த முன்பாதிச் சூடு இல்லாமல் இது நடந்திருக்காது, அதனால் அழ வைத்ததை நான் குறையாகவே எடுக்கமாட்டேன்.

சரி, மாஃபியா தம்பிக்கு வருவோம். நீங்கள் பெயர் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிறைய வருகின்றன. உங்களைப் போல முகம் சுளித்தவர்கள் இன்றைக்கு முளைத்தவர்கள் இல்லை. 1972-ல் கேத்லீன் உடிவிஸ் எழுதி லட்சக்கணக்கில் விற்ற 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' நாவலில், ஹீரோ கதாநாயகியைத் தெருப்பெண் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பத்திலேயே பலவந்தம் செய்கிறான், அப்புறம் அவனைத்தான் அவள் காதலிக்க வேண்டும். கட்டிப்பிடிப்போடு கதவைச் சாத்திக்கொண்டிருந்த காதல் நாவல்களை இந்தப் புத்தகம்தான் படுக்கையறைக்குள் கூட்டிப் போனது, போகும்போதே இந்தக் கோளாறையும் சேர்த்துக் கூட்டிப் போய்விட்டது. ஜானிஸ் ராட்வே என்கிற ஆய்வாளர் ஒரு அமெரிக்க ஊரில் ரொமான்ஸ் படிக்கிற 42 பெண்களிடம் கேட்டறிந்து 1984-ல் ஒரு ஆய்வு நூல் எழுதினார். காதல் கதையில் என்ன வரவே கூடாது என்று அந்தப் பெண்களைக் கேட்டதற்கு, பலாத்காரம் முன்வரிசையில் வந்தது. யாரோ விமர்சகர் சொன்னதில்லை, தினம் இதையே படிக்கிறவர்கள் சொன்னது. வீட்டு வேலைக்கு நடுவில் 'இது என் நேரம், யாரும் கூப்பிடாதீங்க' என்று சொல்லிவிட்டுப் படித்தவர்கள் அவர்கள். உங்களுக்கு அந்த நேரம் கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஸ்ஸில் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்குப் புத்தகம் கொடுத்த அந்தப் பெண்ணின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடத்தல் கதை படிக்கிறவள் கடத்தப்பட ஆசைப்படுகிறாள் என்று அர்த்தமில்லை. பயத்தைப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்து அனுபவிப்பது ஒரு ருசி, எப்போது வேண்டுமானாலும் மூடிவைக்கலாம் என்கிற அதிகாரம் அவள் கையில் இருக்கிறது. இந்த வகையில் நேர்மையாக எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே 'இதில் இன்னின்னது வரும், ஆகாதவர்கள் வேண்டாம்' என்று போட்டுவிடுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான்: அவன் ரவுடி என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியுமா? தெரிந்தே எழுதினால் அது ஒரு பயங்கரக் கதை, பிடித்தவர்கள் படிக்கட்டும். தெரியாமல், 'எவ்வளவு ஆசை பார் அவனுக்கு' என்று உருகினால் நீங்கள் மூடிவைத்ததுதான் சரி.

இங்கிலீஷை மட்டும் சொல்வானேன். நம் தமிழில் இணையத்தில் தொடராக ஓடும் 'ஆன்டி ஹீரோ' கதைகளில் ஓங்கி அறைகிறவன், பழிவாங்கக் கட்டாயத் தாலி கட்டுகிறவன், பிறகு 'உரிமை' என்று அறைக்குள் வருகிறவன் எத்தனை பேர்! ரமணிசந்திரன் காலத்து ஹீரோவும் முறைப்பான ஆள்தான், தப்பாகப் புரிந்துகொண்டு வார்த்தையால் குத்துவான், ஆனால் அவன் வேறு ஜாதி. இங்கிலீஷ் நாவலில் ஒரு முத்தக் காட்சியைப் பார்த்து 'சீ' என்கிறவர்கள் அந்தக் கட்டாயத் தாலியை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கிறார்கள். 2023-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும், 18 வயது நிரம்பிய மனைவி என்றால் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது என்கிற விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு 'வேண்டாம் என்றாளே' என்று உங்களுக்கு உறுத்தினால், அது புத்தகம் படிக்கத் தெரிந்த உறுத்தல்.

இப்போது சாப்பாட்டு மேஜை. உங்கள் கருத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பெண்ணைத் தனியாக டீக்குக் கூப்பிட்டு, "நான் திட்டினது புத்தகத்தை, உன்னை இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சின்னவள், தனக்குப் பிடித்ததை நம்பி நாலு பேர் கையில் கொடுத்திருக்கிறாள், அதுவும் இந்த மாதிரிப் புத்தகத்தை. அதற்கே தைரியம் வேண்டும். அதை எல்லார் எதிரிலும் ஒரே வார்த்தையில் அடித்தால் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும். அவளுக்கு அதில் எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காது கொடுங்கள், நடுவில் 'ஆனா' போடாமல். அவள் 'தி கிஸ் கோஷன்ட்' படிக்கவில்லை என்றால் அந்த முதல் ராத்திரி வரைக்கும் மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், மிச்சப் பேச்சு தானாக வரும். சிரித்த மற்றவர்களிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: பிடிக்கவில்லை என்று யார் சொன்னாலும் 'எந்த இடத்துல' என்றுதான் கேட்க வேண்டும், 'எத்தனை வயசு' என்று கேட்கக் கூடாது.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பிடிஎஃப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படிக்கிறோம் என்றதும் எனக்கு மூக்கு வேர்க்கிறது. அது திருட்டுப் பிரதி, வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு காப்பி வாங்கினால் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மில்ஸ் அண்ட் பூன் கிடைத்தால் அள்ளுங்கள், 1908-ல் லண்டனில் ஆரம்பித்த கம்பெனி, பழசிலும் நல்லது உண்டு. நடைபாதையில் புத்தம் புதுசாகப் பாதி விலைக்கு மினுக்கும் ஹூவர் புத்தகங்களை மட்டும் நம்பாதீர்கள், நடுவில் முப்பது பக்கம் இருக்காது, அதுவும் எந்த முப்பது என்று உங்களுக்கே தெரியும்.

பையன் விஷயம்: படிக்கிற ஆப்புக்குத் தனி லாக் போடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. கண்ணில் பட்டுவிட்டால் பதறி போனைப் பிடுங்காதீர்கள், 'அம்மா படிக்கிற பெரியவங்க கதை, உனக்கு இப்ப வேணாம்' என்றால் போதும். அதே போனில் அவன் கேட்காமலே வந்து விழும் ரீல்ஸ்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டாலியா ஹிபர்ட் எழுதிய 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்', 2019. தீராத உடல்வலியோடு வாழும் பெண், அவள் குடியிருக்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவியன். அவனும் முந்தைய காதலில் அடிபட்டவன்தான், அதனால் யாரையும் அடைத்து வைக்கும் யோசனையே அவனுக்கு வராது. அவள் உடம்பு இன்றைக்கு எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் எதுவும் தொடங்குவதில்லை. முன்பாதி பேச்சும் கேலியுமாகப் போகும், பின்பாதி அப்படி இல்லை, ஜன்னல் சீட்டு கிடைத்தால் மட்டும் பஸ்ஸில் திறங்கள்.